பழைய வண்டி, புதுப் பெட்ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா 1991-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 இன்னும் எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. பக்கத்தில் பெரியப்பாவின் பழைய புல்லட் நிற்கிறது. இரண்டையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பங்கில் இ20 பெட்ரோல் வர ஆரம்பித்ததிலிருந்து, பழைய வண்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தினரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இ20 என்றால் என்ன? எப்போது வந்தது?

நூறு பங்கில் இருபது பங்கு எத்தனால், மீதி பெட்ரோல். கரும்புச் சாறு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ், மக்காச்சோளம், குருணை அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் ஆல்கஹால்தான் எத்தனால். இந்தியாவில் 2003-இல் சில மாநிலங்களில் மட்டும் 5 சதவீதம் கலக்கத் தொடங்கினார்கள். 2022 நடுவில் நாட்டின் சராசரிக் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் இ20 விற்பனைக்கு வந்து, 2025-இல் ஏறக்குறைய எல்லாப் பங்க்குகளிலும் அதுவே ஆகிவிட்டது. 20 சதவீதம் என்ற இலக்கை முதலில் 2030-க்குத்தான் வைத்திருந்தார்கள். பிறகு ஐந்து வருடம் முன்னே இழுத்தார்கள். பழைய வண்டிக்காரர்கள் தயாராக நேரமே கிடைக்கவில்லை என்று நான் சொல்வது அதனால்தான். எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே குழாயில் வருவதை வைத்து வண்டியைக் காப்பாற்றும் வழியைத்தான் இனி பார்க்க வேண்டும்.

என் வண்டி எந்தக் கணக்கில் வரும்?

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானவற்றில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி இருக்கும். 2025 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் இன்ஜினும் அதற்கேற்ப டியூன் செய்யப்பட்டிருக்கும். 2008-க்குப் பிறகு வந்தவை பொதுவாக இ10 வரைக்கும் தாங்கும். அதற்கு முந்தைய எதுவும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதில்லை.

நான் பார்ப்பது இன்னும் எளிது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது எது? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி, புகையை முகர்ந்து பார்த்துத் தானே கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் திருகான ஜெட்டில் எந்த அளவு ஓட்டையோ, அந்த அளவுதான் போகும்.

மைலேஜ் குறையுமா? பாதியாகிவிட்டது என்கிறார்களே?

குறையும், ஆனால் பாதியாகாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. இருபது சதவீதம் கலந்தால், கலக்காத பெட்ரோலை விட மொத்தத்தில் 7 சதவீதம் போலக் குறைகிறது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அதே மாதிரியான இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று கணக்குச் சொன்னது.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 42 கொடுத்தால் அது பெட்ரோலின் வேலை. 30 கொடுத்தால் அது பெட்ரோல் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிறதா என்று பாருங்கள். சக்தி குறைந்த பெட்ரோலுக்கு லிட்டர் விலையும் குறைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உண்மையிலேயே கெடுவது எது?

இன்ஜினுக்குள் இருக்கும் இரும்பு கெடாது. முதலில் அடி வாங்குவது டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் உள்ள ரப்பர்.

பழைய நைட்ரைல் ரப்பரும் சாதா ரப்பரும் எத்தனாலில் ஊறினால் உப்பும். பிளாஸ்டிக் டியூபில் நேர்மாறாக, அதை வளையும்படி வைத்திருக்கும் பொருளே கரைந்து வெளியே போய்விடும். டியூப் மஞ்சளாகி, குச்சி மாதிரி விறைத்து, மாட்டியிருக்கும் முனையில் கீறல் விடும். அந்தக் கீறலிலிருந்து சொட்டும் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேல் விழும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். மைலேஜுக்கு இல்லை.

பெட்ரோல் டேப்பைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று திருப்புகிறோமே, அதற்குள் நாலு ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், பழைய ஐம்பது பைசா அகலத்துக்கு. போன வருடம் புல்லட்டில் டேப் இறுகிப்போய்த் திருப்பவே முடியவில்லை. கழற்றினால் அந்த வாஷர் தன் குழியை விட்டு மேலே பிதுங்கி நின்றது. ஓட்டைகள் சுருங்கி, ஊசி நுழையும் அளவுக்கு வந்திருந்தன. வண்டி மேட்டில் மூச்சு வாங்கியதற்கு ஒரு மெக்கானிக் ரிங் போட வேண்டும் என்று எட்டாயிரம் சொல்லியிருந்தார். வாஷரை மாற்றியதும் சரியாகிவிட்டது. கையில் எடுத்த பழைய வாஷரை வெயிலில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் காய்ந்து, குழியை விடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. ஊறி உப்பிய ரப்பர் காய்ந்தால் பழைய அளவுக்கு வராது. அதனால் கழற்றிய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் நீடிலில் உள்ள ரப்பர் முனை, ஓரிங், கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ரொம்பப் பழைய வண்டிகளில் கார்க்கினால் செய்து அரக்குப் பூசிய ஃப்ளோட் இருக்கும். எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடும், ஃப்ளோட் பெட்ரோலை உறிஞ்சி மூழ்கும். ஃபைபர்கிளாஸ் டேங்க் மாட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், பழைய ரெசின் இளகிவிடும். துருவுக்காக டேங்கினுள் எப்போதோ அடித்த பூச்சும் உரிந்து வரலாம்.

பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்றது. அது ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள ரப்பருக்கான கணக்கு. முப்பது வருட ரப்பருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

எந்த டியூப் வாங்குவது?

கடையில் 'எத்தனால் தாங்கும் டியூப்' என்று கேளுங்கள். டியூப் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்டிருந்தால் நிம்மதியாக வாங்கலாம், அதன் உட்பக்கம் வைட்டான் வகை ரப்பர். வாஷர், ஓரிங் கேட்கும்போதும் 'வைட்டான்' என்றே கேளுங்கள். விலை சில மடங்கு கூடுதலாக இருக்கும். ஆனாலும் ஒரு பைக்குக்கு மொத்தமாக ஆகும் செலவு ஒருநாள் வெளியூர்ப் பயணச் செலவுக்குள் அடங்கிவிடும்.

இ20 போட்ட புதிதில் வண்டி திக்கித் திக்கி நிற்கிறது. ஏன்?

எத்தனால் நல்ல கரைப்பான். இத்தனை வருடமாக டேங்கின் சுவரில் ஒட்டியிருந்த கசடையும் துருத்தூளையும் கிளப்பிவிடும். எல்லாம் ஜெட்டில் வந்து அடைக்கும். முதல் இரண்டு மூன்று டேங்க்குகளுக்கு இது சகஜம். டேப்பின் கீழ்க் கிண்ணத்தை அடிக்கடி கழற்றிக் கழுவுங்கள், டியூபின் நடுவே ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள்.

டேங்கில் தண்ணீர் சேரும் என்கிறார்களே, காற்றிலிருந்தா?

இந்தப் பயத்தில் பாதி உண்மை, பாதி மிகை. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் இழுப்பு அதிகம், காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். ஆனால் மூடிய டேங்கில் அது ரொம்ப மெதுவாக நடக்கும். நான் பார்த்தவரை, டேங்கில் தண்ணீர் சேர்ந்த வண்டி எல்லாவற்றிலும் தண்ணீர் நேராகத்தான் போயிருக்கிறது. டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மழை, இல்லையென்றால் வாட்டர் சர்வீஸ். மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகால் ஓட்டை மண்ணால் அடைத்துப்போன வண்டிகளில் இது நிச்சயம் நடக்கும்.

தண்ணீர் உள்ளே போனபின் நடப்பதுதான் புதிது. சாதா பெட்ரோலில் தண்ணீர் கரையவே கரையாது என்று சொல்லலாம். அடியில் சொட்டாக உருண்டுகொண்டிருக்கும். இ10 பெட்ரோல் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 5 மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், இ20 அதைவிடக் கூடுதலாக. அதுவரைக்கும் நல்லதே, கரைந்த தண்ணீர் இன்ஜினில் ஆவியாகிப் போய்விடும். அளவு தாண்டியதும் எல்லாம் ஒரேயடியாகப் பிரியும். தண்ணீர் தனியாகப் பிரியாது, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். ஆகவே உள்ளே போன தண்ணீரைவிட அடியில் நிற்கும் அடுக்கு பல மடங்கு அதிகமாக இருக்கும். டேப் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அந்த அடுக்கு உலோகத்தையும் அரிக்கும். இரண்டு வருடம் முன்பு ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஆர்எக்ஸைத் தொடவில்லை. மார்கழியில் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தேன். அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் நறநறத்தது, கீழே உலோகம் பொத்தல் பொத்தலாக இருந்தது. பித்தளை ஜெட் பச்சை பூத்திருந்தது. பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. ஒரு செப்புக் கம்பி இழையை நுழைத்துத்தான் திறந்தேன். தினமும் ஓடும் வண்டியில் இதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

என் வண்டி டூ ஸ்ட்ரோக். கூடுதல் ஆபத்து உண்டா?

உண்டு. ஆயிலை பெட்ரோலோடு கலந்து ஊற்றும் பழைய டிவிஎஸ் 50, பஜாஜ் ஸ்கூட்டர், லாம்ப்ரெட்டா வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டூ டி எனப்படும் இந்த டூ ஸ்ட்ரோக் ஆயில் கரைந்திருப்பது பெட்ரோலில். தண்ணீர் பட்டு எத்தனால் பிரிந்தால் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடியில் இருப்பது ஆயில் இல்லாத ஆல்கஹாலும் தண்ணீரும். அது உள்ளே போய் வண்டி கொஞ்ச தூரம் ஓடிவிட்டால்கூட, பிஸ்டனுக்கு உயவு கிடைக்காது. அது இறுகிச் சீஸ் ஆகிவிடும். ஆர்எக்ஸ் 100 போல ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்பும் உள்ள வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, கலவை மெலிவது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் மெலிந்த கலவையில் சூடேறினால் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி பொறுத்துப் போகாது. கலவை ஆயில் ஊற்றும் வண்டிக்கு ஒரு வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் பெட்ரோல் போடுங்கள்.

கார்புரேட்டரில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு 13.5 போல வரும். பழைய ஜெட் அதே அளவு விடுகிறது, காற்றும் அதே அளவு வருகிறது. அப்படியானால் காற்று மிஞ்சுகிறது, கலவை மெலிகிறது. ஏற்கெனவே கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி, டியூன் செய்திருந்த வண்டிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, இன்னும் நன்றாகக்கூட ஓடும். மைலேஜுக்காக ஏர் ஸ்க்ரூவைத் திறந்து மெலிதாக வைத்திருந்த வண்டிதான் மாட்டிக்கொள்ளும். காலையில் சோக் போட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரைத் திருப்பியதும் ஒரு நொடி தயங்கும், மூடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும்.

பிளக்கைப் பாருங்கள். நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, கழற்றுங்கள். பீங்கான் பகுதி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். வெள்ளை வெளேரென்று இருந்தால், கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் உள்ள ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். முழு வேகத்திலும் தயக்கம் இருந்தால் மெயின் ஜெட்டை அடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள், அதற்கு மேல் போக வேண்டியிருக்காது. பழைய ஜெட்டை ஒரு கவரில் போட்டு, எண்ணை எழுதி வையுங்கள். ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

நாக்கிங் வருமா?

வராது. இதில் எத்தனால் நல்ல பிள்ளை. நாக்கிங் என்பது கலவை தாறுமாறாகத் தானே வெடித்து இன்ஜினில் தட்டும் சத்தம். அதைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். எத்தனாலுக்கு அது 108 போல. இந்திய இ20-க்கு ஆக்டேன் 95, முன்பு சாதாவுக்கு 91. பழைய புல்லட்டின் குறைந்த கம்ப்ரஷனுக்கு இது தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஈயம் எடுத்த பெட்ரோல் பழைய வால்வுகளைத் தின்னும் என்று தாத்தா சொல்வார். உண்மையா?

அவர் சொன்னது சரிதான். நாக்கிங்கைத் தடுக்க 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைக் கலந்து வந்தார்கள். அது எரிந்து, வால்வு வந்து உட்காரும் இடமான வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வு உலோகத்தோடு உலோகமாக மோதாமல் காத்தது. கூடவே அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். நின்றது நல்லதுக்கே.

பாதிப்பு, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேராக சீட் வெட்டிய பழைய கார் இன்ஜின்களுக்குத்தான். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அந்தக் குடும்பம். அலுமினிய ஹெட் உள்ளவற்றில் கடினமான சீட் தனியாக அழுத்தி வைத்திருப்பார்கள். உங்கள் காரில் தேய்மானம் இருக்கிறதா என்று அறிய, டேப்பட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, ஒவ்வொரு சர்வீஸிலும் எழுதி வையுங்கள். சீட் தேய்ந்தால் வால்வு உள்வாங்கும், அப்போது கேப் குறைந்துகொண்டே வரும். குறையவில்லையென்றால் விடுங்கள், கால் நூற்றாண்டாக ஈயமில்லாமல்தான் அது ஓடுகிறது. குறைந்தால் அடுத்த ஹெட் வேலையின்போது கடினமான சீட் போட்டுவிடுங்கள்.

சித்திரை வெயிலில் பழைய கார் டிராஃபிக்கில் நின்றுவிடுகிறது. பெட்ரோலா காரணம்?

இருக்கலாம். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினை ஒட்டி இருக்கும் கார்களில், சூட்டில் பெட்ரோல் பைப்பிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். எத்தனால் கலந்த பெட்ரோல் சற்றுக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். பிரீமியர் பத்மினி கார் ஓட்டிய டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, தண்ணீர் பாட்டிலோடு போவார்கள். அது இன்றைக்கும் பலிக்கும். நிரந்தர வழி, பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி எடுத்துச் செல்வதும் அதன்மேல் சூடு தடுக்கும் உறை போடுவதும்.

டீசல் வண்டிக்கு?

டீசலில் மாறியது கந்தகம். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்ற புகை விதிகளின்படி, பிஎஸ்3-இல் பத்து லட்சத்தில் 350 பங்கு, பிஎஸ்4-இல் 50, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து 10. கந்தகத்தை எடுக்கும் முறையில், டீசலுக்கு இயல்பாக இருந்த வழுவழுப்பும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ரிஃபைனரியிலேயே உயவுப் பொருள் சேர்க்கிறார்கள், அதற்கு அளவுகோலும் இருக்கிறது. முழுக்க முழுக்க டீசலாலேயே உயவு பெறும் ரோட்டரி பம்ப் வண்டிகளில்தான் கவனம் தேவை. பழைய பம்பின் சீல்கள் சுருங்கிக் கசிய ஆரம்பித்தால் பம்ப் சர்வீஸ்காரரிடம் புது சீல் கிட் போடச் சொல்லுங்கள். டீசலில் டூ டி ஆயில் கலக்கும் பழக்கம் தேவையில்லை என்பது என் கருத்து.

எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம். மூடியுள்ள 100 மில்லி கண்ணாடி அளவுக் குழாய் வேண்டும். 20 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடி, நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே வந்துவிடும். கீழ் அடுக்கு 28-இல் நின்றால் 10 சதவீதம், 36-ஐ ஒட்டி நின்றால் 20 சதவீதம். வெளியே, காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சுவிட்சும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். விலை கூடிய 100 ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்பதையும் இப்படியே தெரிந்துகொள்ளலாம். ஆக்டேன் எண்ணை மட்டும் பார்த்து அது எத்தனால் இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படியே தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்துவிட்டு மேலே இருக்கும் பெட்ரோலைப் போடலாமா?

வேண்டாம். எத்தனாலோடு ஆக்டேனும் போய்விடும். வீட்டில் லிட்டர் கணக்கில் பெட்ரோலைக் குலுக்குவதே ஆபத்து.

இ20 அடிடிவ் பாட்டில்கள் வாங்கலாமா?

உப்பிய ரப்பரை எந்தப் பாட்டிலும் திருப்பிக் கொண்டுவராது. அந்தக் காசுக்கு டியூப் வாங்குங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறேன். டேங்கை நிரப்பவா, காலி செய்யவா?

ஒரு மாதம் வரைக்கும் என்றால் கழுத்து வரை நிரப்பி, டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். நிறைந்த டேங்கில் ஈரக் காற்றுக்கு இடம் இல்லை.

அதற்கு மேல் என்றால் காலி செய்துவிடுங்கள். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும், அதையும் திறந்து வடியுங்கள். காலி இரும்பு டேங்க் துருப்பிடிக்கும் என்பதால் நூறு மில்லி இன்ஜின் ஆயிலை ஊற்றி, டேங்கைக் கழற்றி எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்கள். வடித்த பெட்ரோல் புதிதாக இருந்தால் ஓடும் வண்டியில் ஊற்றிவிடலாம், சாக்கடையில் மட்டும் கொட்டாதீர்கள்.

திரும்ப எடுக்கும்போது ஆயிலை வடித்துவிட்டு இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோல் போடுங்கள். நான் உடனே உதைக்க மாட்டேன். டியூபைக் கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலை அடியில் பிடித்து, டேப்பை ரிசர்வில் திறந்து கால் பாட்டில் பிடிப்பேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடியில் கோடு எதுவும் தெரியவில்லை என்றால்தான் டியூபை மாட்டுவேன்.